நிறம் பார்த்து வேலை வாங்க முடியுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆடை வாங்கும் பையரோடு பேசி, ஆர்டரை நேரத்துக்கு அனுப்பிவைக்கும் வேலை. எனக்குக் கீழே ஆறு பேர். சமீபத்தில் கம்பெனியில் ஒருநாள் பயிற்சி வைத்து, எல்லோருக்கும் கேள்வித்தாள் கொடுத்து, குணத்துக்கேற்ப ஆளுக்கொரு வண்ணம் சொன்னார்கள்: அதிரடியானவர் சிவப்பு, கலகலப்பானவர் மஞ்சள், நிதானமானவர் பச்சை, நுணுக்கம் பார்ப்பவர் நீலம். அன்றிலிருந்து ஆபீசில் இதே பேச்சு. என் டீமில் ஒருவர் ‘மஞ்சள்’. பையர் எந்தத் தேதி கேட்டாலும் ‘ஓகே’ சொல்லிவிடுவார். அப்புறம் டையிங்கிலிருந்து, அதாவது சாயம் போடும் இடத்திலிருந்து, துணி வராமல் தவிப்போம். இன்னொருவர் ‘நீலம்’. மீட்டிங்கில் வாயே திறக்கமாட்டார், ராத்திரி ஒன்பது மணிக்கு ஏழெட்டுச் சந்தேகங்களோடு மெயில் போடுவார். இருவருக்கும் ஆகவே ஆகாது. என்னைச் ‘சிவப்பு’ என்றார்கள், அது சரிதான் போலிருக்கிறது. இதை வைத்து இவர்களை எப்படி ஒத்துப்போகச் செய்வது? அடுத்தகட்டப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று நிர்வாகம் என்னிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. என்ன சொல்ல?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று பேருடைய வண்ணம் இருக்கிறது. அதை நீக்கிவிட்டுப் படித்தாலும் எனக்கு எதுவும் குறையவில்லை. ‘எந்தத் தேதி கேட்டாலும் ஓகே சொல்லிவிடுவார்’, ‘ராத்திரி மெயில் போடுவார்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். சரிசெய்ய வேண்டியது அந்த இரண்டு பழக்கங்களைத்தான். அதற்கு மஞ்சளும் நீலமும் கொஞ்சம்தான் உதவும். சில சமயம் குறுக்கேயும் நிற்கும்.

முதலில் இந்த வண்ணங்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் 1928-இல் வெளியிட்ட ஒரு நூலில் மனிதர்கள் சூழலுக்கு நான்கு விதமாக எதிர்வினை காட்டுகிறார்கள் என்று எழுதினார். ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முயன்றவரும் அவர்தான், பின்னாளில் வொண்டர் வுமன் என்ற காமிக்ஸ் நாயகியைப் படைத்தவரும் அவர்தான்! ஆனால் அவர் கேள்வித்தாள் எதையும் தயாரிக்கவில்லை. அதெல்லாம் பின்னால் வந்தவர்கள் செய்தது. வண்ணங்களும் அப்படித்தான். இதைவிடப் பிரபலமான, நான்கு எழுத்துகளில் 16 வகை சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வுக்கு மூலம் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய கோட்பாடு. அதைத் தேர்வாக மாற்றிய காதரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் மையர்ஸ் இருவருமே உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்ல. அதனாலேயே அது தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் ‘விஞ்ஞானபூர்வமானது’ என்று ஸ்லைடு போட்டுக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘சிவப்பு என்பது சரிதான் போலிருக்கிறது’ என்கிறீர்கள். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணச் சித்திரம் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, 39 பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களைப் பெரும்பாலும் கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். ‘வெளியே உறுதியானவராகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில நேரம் கலங்குகிறீர்கள்’ என்றால் யார்தான் இல்லை என்பார்கள்? நம் ஊரில் வார ராசிபலன் பொருந்திப்போவதும் இதே கணக்குத்தான்.

இன்னொரு சிக்கல், எல்லோரையும் இரண்டு பக்கமாகப் பிரித்து வைப்பது. ஆண்களின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடிக்காரர்கள் கொஞ்சம், ஐந்தடிக்குக் குறைவானவர்கள் கொஞ்சம், மீதிக் கூட்டமெல்லாம் நடுவில்தான். குணமும் அப்படியே. கலகலப்பு, அமைதி இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலோர் இருக்கிறார்கள். நட்டநடுவில் ஒரு கோடு போட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் ஒருவகை, ஒட்டி அந்தப் பக்கம் இருப்பவர் வேறுவகை ஆகிவிடுகிறார். அதனால்தான் சில வாரம் கழித்து அதே தேர்வை மறுபடி எழுதினால் கணிசமானோருக்கு வேறு வகை வருகிறது. அன்றைக்கு ஷிப்மென்ட் டென்ஷனில் எழுதியிருந்தாலே போதும், பச்சை சிவப்பாகிவிடும்.

ஆய்வாளர்கள் இன்று பெரிதும் நம்புவது ஐந்து அளவுகோல்களை: புதியதை நாடும் ஆர்வம், பொறுப்பும் ஒழுங்கும், வெளிமுக இயல்பு, பிறரோடு இணங்கிப்போகும் தன்மை, எளிதில் கலங்கும் தன்மை. ஒவ்வொன்றிலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள், எந்தப் பெட்டியில் அடைப்பது என்று பார்ப்பதில்லை. இதில் பொறுப்பும் ஒழுங்கும் அதிகமுள்ளவர்கள் எந்த வேலையிலும் ஓரளவு நன்றாகச் செய்கிறார்கள் என்று 1991-இல் பாரிக், மவுண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஓரளவு என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். மேலாளர், சம்பளம், வேலையின் அமைப்பு என்று மற்றதெல்லாமும் சேர்ந்துதான் ஒருவரின் வேலை.

சரி, உங்கள் ஆட்களிடம் வருவோம்.

மீட்டிங்கில் பேசாதவரை ‘நீலம்’ என்று முடிவு செய்யும் முன் அவரை மூன்று இடங்களில் கவனியுங்கள்: பையரோடு ஆங்கிலத்தில் நடக்கும் வீடியோ கால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் உள் மீட்டிங், நீங்கள் இல்லாத டீ நேரம். மூன்றிலும் ஒரே மாதிரி அமைதி என்றால் அது இயல்பு. டீ நேரத்தில் டையிங் மாஸ்டரோடு மணிக்கணக்கில் பேசுகிறார், வீடியோ காலில் மட்டும் வாய் மூடுகிறது என்றால் காரணம் ஆங்கிலம். உங்கள் முன்னால் மட்டும் பேசவில்லை என்றால், மன்னிக்கவும், காரணம் நீங்கள். நம் ஆபீஸ்களில் வயதில் இளையவர் ‘சரிங்க சார்’, ‘சரிங்க மேடம்’ என்பதற்குச் சம்மதம் என்று எப்போதும் அர்த்தமில்லை. மரியாதைக்கும் அதையேதான் சொல்வார்கள். வெளிநாட்டில் எழுதிய கேள்வித்தாள் இந்த மூன்று மௌனங்களையும் பிரித்துப் பார்க்காது, ஒரே வண்ணம் அடித்துவிடும்.

இயல்பிலேயே அமைதியானவர் என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் யோசித்துவிட்டுப் பேசுவார்கள். உடனே பதில் கேட்டால் ஒன்றும் வராது, வீட்டுக்குப் போனபிறகுதான் வரும். அதுதான் அந்த ஒன்பது மணி மெயில். எனவே அடுத்த ஸ்டைலுக்கு (ஆடை மாடலுக்கு) எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று காட்டும் டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட்டை மீட்டிங்குக்கு முந்தின மாலையே அனுப்பிவிடுங்கள். மீட்டிங்கில் அவரைக் கடைசியில் கேட்காமல் முதலில் கேளுங்கள். ‘ஏதாவது சொல்லணுமா?’ என்றால் ‘இல்லைங்க’ என்றுதான் பதில் வரும். ‘இந்த ஆர்டர் லேட் ஆச்சுன்னா எதனால ஆகும்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். சந்தேகம் சொல்வது அவர் வேலை என்று ஆக்கிவிட்டீர்கள், இனி அவர் யாரையும் குறை சொல்வதாகத் தோன்றாது. மெயில் போடட்டும், ஆனால் மாலை ஐந்து மணிக்குள். முதல் வரியில், வேலையையே நிறுத்தக்கூடியது எது என்று மட்டும் எழுதட்டும்.

‘ஓகே’ சொல்பவருக்கு அறிவுரை பலிக்காது. எதிரே இருப்பவர் முகம் வாடக்கூடாது என்பது அவர் உடம்பிலேயே ஊறியிருக்கலாம். அல்லது வீடியோ காலில் நீங்களும் இருக்கும்போது நீங்கள் ‘ஓகே’தான் எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறாரோ என்னவோ, அதையும் கேட்டுவிடுங்கள். எதுவானாலும் அவருக்கு ‘முடியாது’ சொல்லக் கற்றுத்தர முயல வேண்டாம். ‘டையிங்கில் கேட்டுவிட்டு இன்று நாலு மணிக்குள் தேதியை உறுதி செய்கிறேன்’ என்ற ஒரு வாக்கியம் கொடுங்கள். பையருக்கும் மூன்று வாரம் கழித்து வரும் மன்னிப்பு மெயிலைவிட நாலு மணிக்கு வரும் உறுதியான பதில் மேல். கூடவே ஒரு விதி: லேப் டிப் அப்ரூவல் (மாதிரிச் சாயத்துக்குப் பையரின் ஒப்புதல்), டையிங் ஸ்லாட் (சாயம் போட ஒதுக்கிய நேரம்) இரண்டும் ஷீட்டில் நிரம்பாமல் எந்தத் தேதியும் வெளியே போகக்கூடாது. இந்த விதி ஆறு பேருக்கும், உங்களுக்கும் சேர்த்து. அவருக்கு மட்டும் வைத்தால் தண்டனையாகிவிடும்.

அவருடைய இயல்பில் லாபமும் இருக்கிறது. ஷிப்மென்ட் தள்ளிப்போகும் செய்தியைப் பையரிடம் கோபம் வராமல் சொல்ல உங்கள் டீமில் அவரைவிடப் பொருத்தமான ஆள் இருக்க மாட்டார். ஆனால் சமாதானத் தூதுவராகவே வைத்துக்கொண்டால் களைத்துப்போவார், அதையும் பாருங்கள்.

இருவருக்கும் ஆகாது என்றீர்களே, அந்த ராத்திரி மெயிலில் உங்களுக்கு சிசி இருக்கிறதா? இருந்தால் சண்டையின் பாதிக் காரணம் அதுதான். அனுப்புகிறவர் ‘தகவலுக்காக’ என்று நினைத்துப் போடுவார். பெறுகிறவர் கண்ணில் அது மேலதிகாரியிடம் போட்டுக்கொடுப்பது. எந்த ஆளுமைத் தேர்விலும் இந்தக் கேள்வி வராது. சந்தேகம் முதலில் சம்பந்தப்பட்டவரிடம், நேரிலோ போனிலோ. மறுநாளும் தீராவிட்டால் மட்டும் சிசி. இப்படி ஒரு ஏற்பாடு செய்துவிட்டு, ஒரு புது ஸ்டைலை இருவருக்கும் சேர்த்துக் கொடுங்கள்: தேதியை இருவரும் உட்கார்ந்து போட வேண்டும், பையரிடம் பேசுவது ஒருவர், ஷீட்டுக்குப் பொறுப்பு மற்றவர். நண்பர்கள் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆக வேண்டியதும் இல்லை.

இனி ‘சிவப்பு’. ஆபீசில் இந்த வண்ணங்கள் செய்யும் மிகப் பெரிய கெடுதல், அவை சாக்காகிவிடுவது. ‘நான் சிவப்பு, வெடுக்குன்னுதான் பேசுவேன்’ என்று ஒருவர் ஆரம்பித்தால், ‘நான் நீலம், வீடியோ கால்ல பேசமாட்டேன்’ என்று அடுத்தவரும் சொல்வார். வில்லியம் ஃப்ளீசன் என்ற ஆய்வாளர், மக்களிடம் ஒருநாளில் பலமுறை அந்தந்த நேரத்து நடத்தையைக் குறித்துவைக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரே ஆள் ஒரே வாரத்தில் கலகலப்பாகவும் ஒதுங்கியும், ஒழுங்காகவும் அலட்சியமாகவும் மாறிமாறி இருப்பது தெரிந்தது. சராசரியில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். சராசரியில் நீங்கள் சிவப்பாகவே இருங்கள், திங்கட்கிழமை மீட்டிங்கில் முதல் கால்மணி நேரம் பேசாமல் கேட்க அது தடையில்லை.

நான் அதை வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 2011-இல் ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜீனோ, டேவிட் ஹாஃப்மன் மூவரும் பீட்சா கடைகளில் செய்த ஆய்வில், சொன்னதை மட்டும் செய்யும் ஊழியர்கள் இருந்த கடைகளில் கலகலப்பான தலைமைக்கு லாபம் கூடியது. யோசனைகளோடு வரும் ஊழியர்கள் இருந்த இடத்தில் நேரெதிர், அங்கே அமைதியான தலைமைக்குத்தான் லாபம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஏழெட்டுச் சந்தேகம் எழுதும் ஆள் இருக்கிறார் என்றால் உங்கள் டீம் இரண்டாவது வகை.

எந்தக் குணங்களைக் கலந்தால் நல்ல டீம் அமையும் என்று கூகுள் நிறுவனமே தன் 180 டீம்களை அலசிப் பார்த்தது. அப்படி ஒரு கலவை கிடைக்கவில்லை. யார் இருக்கிறார்கள் என்பதைவிட, எப்படிப் பழகுகிறார்கள் என்பதே முக்கியம் என்று வந்தது. ‘இது எனக்குப் புரியவில்லை’, ‘தப்பு நடந்துவிட்டது’ என்று பயமில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதுதான் பட்டியலில் முதலில் இருந்தது. இதை முன்பே மருத்துவமனைகளில் கண்டவர் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார், கணக்கில் அதிகமாக வந்தது. அங்கே தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள், அதனால் கணக்கு கூடியது. உங்கள் டீமை நீங்களே இப்படி அளந்து பார்க்கலாம்: டையிங்கில் ஷேடு சரியாக வரவில்லை என்றால், அது நடந்து எத்தனை மணி நேரத்தில் உங்கள் காதுக்கு வருகிறது? அன்றே வந்தால் நல்லது. பையர் கேட்ட பிறகு தெரிந்தால் ஆட்களின் வண்ணம் பார்த்துப் பயனில்லை.

வீட்டிலும் இதைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பதுண்டு. கணவரையோ மாமியாரையோ வகைப்படுத்திவிட்டால் அடுத்த சண்டையில் அந்த வகையே ஆயுதமாகும். வேண்டாம்.

கடைசியாகப் பணம். ஆட்களைத் தேர்ந்தெடுக்கவோ அப்ரைசலுக்கோ இந்த வண்ணங்களைப் பயன்படுத்தும் எண்ணம் நிர்வாகத்துக்கு இருந்தால் கட்டாயம் தடுங்கள். மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை நடத்துகிறவர்களே வேலைக்கு ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தக்கூடாது என்கிறார்கள். பயிற்சிக்காக மட்டும் என்றால் நடத்துகிறவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதினால் எத்தனை பேருக்கு அதே முடிவு வரும், அதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா? தமிழில் கேள்வித்தாள் இருக்கிறதா, அதை நம் ஊர் ஆட்களிடம் சரிபார்த்திருக்கிறார்களா? முடிவுத்தாள் யார் கையில் இருக்கும், பணியாளருக்கா ஹெச்ஆருக்கா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் யோசிக்கலாம். மழுப்பினால் அந்தத் தொகையில் மெர்ச்சண்டைசர்களை ஒருநாள் டையிங்கிலும், துணியைச் சீராக்கும் காம்பாக்டிங்கிலும் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கிருந்து ஒருவரை உங்கள் மீட்டிங்குக்குக் கூப்பிடுங்கள். மேஜைகளில் ஒட்டிய வண்ண அட்டைகளை இப்போதே எடுத்துவிடலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.