தோண்டுவது பாதி வேலைகூட இல்லை: தாதும் உலோகமும், கேள்வி பதில்

இந்த வாரம் பதில் சொல்ல என் முறை. தாதுவை அரைத்து, பிரித்து, உள்ளே இருக்கும் உலோகத்தை வெளியே எடுப்பதுதான் என் தொழில். பெரும்பாலும் சிங்கப்பூரின் ஜூரோங் ஆய்வகத்தில் இருப்பேன், அவ்வப்போது சுரங்கங்களுக்கும் போய்வருவேன். வந்த கேள்விகளைச் சற்றே சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஈசூனிலிருந்து ஓர் அண்ணன்: நம் ஊரில் சுரங்கமே கிடையாது. இங்கே உட்கார்ந்துகொண்டு இந்தத் துறையில் என்னம்மா செய்கிறீர்கள்?

கல் குவாரி இருந்ததே அண்ணே! 1851இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் போனது புலாவ் உபின் தீவிலிருந்துதான். அங்கே கடைசிக் குவாரி 1999இல் நின்றது. உலோகத்திலும் நமக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1890இல் புலாவ் பிரானியில் வெள்ளீயம் உருக்கும் ஆலை வந்தது. மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் கழுவியெடுத்த தாது கப்பலில் இங்கே வரும், கரியோடு சேர்த்து உருக்கினால் வெள்ளீயக்கட்டி கிடைக்கும். தோண்டுவது அங்கே, பிரிப்பது இங்கே. இன்றும் ஏறக்குறைய அதே கதைதான். ஒரு துணுக்கு: இந்த வட்டாரத்து வெள்ளீய ஆலைகள் கழிவென்று கொட்டிய கசடில் டான்டலம் என்ற உலோகம் இருந்தது. மின்னணுக் கருவிகளுக்கு அது தேவைப்பட்டபோது அந்தக் கசடுக்கே நல்ல விலை கிடைத்தது.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: சுரங்கத்தில் அதிக மின்சாரம் எதற்குச் செலவாகிறது அக்கா? கன்வேயருக்கா, பம்புக்கா?

அரைப்பதற்குத் தம்பி. பெரிய செப்புச் சுரங்கங்கள் பலவற்றில் ஒரு டன் பாறையில் 5, 6 கிலோ செம்புதான் இருக்கும். அதுவும் கட்டியாக இல்லை, கண்ணுக்கே தெரியாத துணுக்குகளாகப் பாறைக்குள் சிதறிக் கிடக்கும். அவற்றை விடுவிக்கப் பாறையை மாவுபோல அரைத்தாக வேண்டும். எஃகு உருண்டைகள் போட்டுச் சுழற்றும் மில்லுக்குள் போகும் மின்சாரத்தில் கல்லை உடைக்க உதவுவது சில விழுக்காடுதான். மிச்சமெல்லாம் சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். அதனால்தான் இந்தத் துறையின் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இதைச் சுற்றியே நடக்கிறது. இரண்டு உருளைகளுக்கிடையே பாறையை நசுக்கும் இயந்திரம் வந்தது. ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசாவில் மணல் போன்ற சிறு மணிகளை வைத்துக் கலக்கி அரைக்கும் மில்லை உருவாக்கினார்கள். எக்ஸ்ரே வைத்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, வெறுங்கல்லைக் காற்றால் ஊதித் தள்ளும் முறையும் உண்டு. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி முறைதான். அரைக்கத் தேவையில்லாததை அரைக்காமல் விடுவதைவிடப் பெரிய சிக்கனம் எது?

அரைத்த பிறகு நுரை மிதப்பு. அரைத்த குழம்பில் ஒரு மருந்து சேர்த்தால் செப்புத் துகள் மட்டும் தண்ணீரை வெறுக்கத் தொடங்கும். கீழிருந்து காற்றை ஊதினால் அது குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். நுரையை வழித்தெடுத்தால் 25 முதல் 30 விழுக்காடு செம்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் காலூன்றிய இந்த முறைக்கு இன்றுவரை மாற்று இல்லை.

நாகர்கோவில்காரர், இப்போது செங்காங்கில்: எங்கள் ஊர் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் கறுப்பாக இருக்கும். அதிலிருந்து என்னென்னமோ எடுக்கிறார்கள். எல்லாமே மணல்தானே, எப்படிப் பிரிக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்த மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சிலிமனைட், மோனசைட் என்று பல கனிமங்கள் கலந்திருக்கும். மழையும் ஆறும் கடலலையும் ஏற்கெனவே பாறையை அரைத்து வைத்துவிட்டதால், முந்தைய பதிலில் சொன்ன பெரிய செலவு இங்கே இல்லை.

முதலில் எடை. சாதாரண மணல் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம், இல்மனைட் ஏறத்தாழ 4.7 மடங்கு. சுருள் வடிவச் சரிவில் தண்ணீரோடு ஓடவிட்டால் கனமானது உள் ஓரத்திலும் லேசானது வெளி ஓரத்திலும் போகும். அப்புறம் காயவைத்து, மின்சாரம், காந்தம் இரண்டையும் வைத்து ஆட்டம். இல்மனைட்டும் ரூட்டைலும் மின்சாரம் கடத்தும், மற்றவை கடத்தா. உயர் மின்னழுத்தத்தில் சுழலும் உருளைமேல் மணலைத் தூவினால் கடத்தாத மணி உருளையில் ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், கடத்தும் மணி தெறித்துத் தள்ளி விழும். தெறித்து விழுந்ததைக் காந்தத்திடம் காட்டினால் இல்மனைட் இழுபடும், ரூட்டைல் தங்கிவிடும். உருளையில் ஒட்டிக்கொண்ட பக்கத்தில் கார்னெட்டும் மோனசைட்டும் வேறு வேறு காந்த வலிமைக்கு இழுபடும், சிர்கான் அசையாது. ஒரு துளி அமிலம் இல்லாமல் இவ்வளவும் முடிந்துவிடும். இந்தத் துறையிலேயே அழகான வேலை இதுதான் என்பேன்.

அழகு மோனசைட்டோடு முடிந்துவிடும். அதில் அரிய மண் உலோகங்களோடு தோரியமும் இருக்கிறது, கதிரியக்கம் உண்டு. அதை வேதிமுறையில் உடைத்துத்தான் ஆக வேண்டும். கழிவை எங்கே, எப்படி வைப்பது என்ற கேள்வி அங்கேதான் தொடங்கும்.

தோ பாயோவிலிருந்து ஒருவர்: நண்பர் ஒருவர் தங்கச் சுரங்கப் பங்கு வாங்கச் சொல்கிறார். மண்ணில் இவ்வளவு தங்கம் இருக்கிறது என்று அறிக்கை காட்டுகிறார்.

பங்கு ஆலோசனை என் வேலை இல்லை. ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த எண் ‘வளமா’, ‘இருப்பா’? மண்ணில் இருக்கலாம் என்று கணக்கிட்டது வளம். செலவுபோக லாபத்தோடு எடுக்க முடியும் என்று காட்டியதுதான் இருப்பு. போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியில் இருக்கும் புசாங்கில் பிரமாண்டத் தங்கம் என்று பிரீ-எக்ஸ் நிறுவனம் சொன்னது. மாதிரிகளில் வெளித் தங்கத்தைத் தூவியிருந்தார்கள் என்று 1997இல் வெளுத்துப்போனது. காட்டிக்கொடுத்தவற்றில் ஒன்று தங்கத் துகளின் வடிவம். ஆற்றில் உருண்டு வந்ததுபோல மழுங்கியிருந்தது.

துவாஸில் பேட்டரி மறுசுழற்சி ஆலையில் வேலை செய்பவர்: நாங்கள் அரைத்துக் கறுப்புத் தூளாக்கி அனுப்புகிறோம். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது அக்கா?

உங்கள் கறுப்புத் தூள் சாதாரணச் சுரங்கத் தாதுவைவிடப் பல மடங்கு செறிவானது. கிராஃபைட், லித்தியம், நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ் எல்லாம் ஒன்றாக இருக்கும். வழக்கமாகக் கந்தக அமிலத்தில், ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துக் கரைப்பார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2020இல் ஆரஞ்சுப் பழத்தோலையும் சிட்ரிக் அமிலத்தையும் வைத்து ஏறத்தாழ 90 விழுக்காடு உலோகத்தைக் கரைத்துக் காட்டினார்கள். தோலில் இருக்கும் செல்லுலோஸ் சூட்டில் சர்க்கரையாக மாறிப் பெராக்சைடின் வேலையைச் செய்கிறது.

நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் என் பார்வையில் கரைப்பது சுலபமான பாதி. கோபால்ட்டும் நிக்கலும் தனிம அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து வீடு, குணமும் கிட்டத்தட்ட ஒன்று. மண்ணெண்ணெய் போன்ற திரவத்தில் ஒரு பிரிப்பானைக் கலந்து, அமிலத்தன்மையை மிகக் கவனமாகப் பிடித்து, தொட்டிக்குமேல் தொட்டியாகக் கலக்கித் தெளியவிட்டுத்தான் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்க முடியும். இன்னொரு தலைவலி: இப்போது அதிகமாகும் இரும்பு பாஸ்ஃபேட் பேட்டரிகளில் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. அவற்றைப் பிரித்தால் செலவு திரும்புமா என்பதே பெரும் கேள்வி.

கிளமெண்டியிலிருந்து ஒரு தம்பி: சிங்கப்பூருக்குப் பசிபிக் கடலடியில் சுரங்க உரிமை இருக்கிறதாமே?

இருப்பது தேடிப்பார்க்கும் உரிமை, எடுக்கும் உரிமை இல்லை. அனைத்துலகக் கடற்படுகை ஆணையத்தோடு 2015இல் ஓஷன் மினரல் சிங்கப்பூர் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. கிளாரியன்-கிளிப்பர்டன் வட்டாரத்தில் சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், நம் நாட்டைப்போல ஏறத்தாழ 80 மடங்கு. 4,000 மீட்டருக்கும் கீழே உருளைக்கிழங்கு அளவில் உலோக உருண்டைகள் கிடக்கின்றன. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்பவை.

எடுப்பதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். நான் பார்ப்பது அடுத்த படியை. அந்த உருண்டையில் நிக்கலும் செம்பும் தனித் துகளாக இல்லை, மாங்கனீஸ், இரும்பு ஆக்சைடுகளோடு அணு அளவில் பின்னிக் கிடக்கின்றன. எவ்வளவு அரைத்தாலும் விடுபடாது, நுரை மிதப்பும் செல்லாது. நிக்கல் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல், கோபால்ட் அதைவிடக் குறைவு. அதற்காக முழு உருண்டையையும் உருக்கவோ கரைக்கவோ வேண்டும். கடலடிச் சேதமும் உண்டு. பெரு நாட்டுக்கு அப்பால் 1989இல் சோதனைக்காகக் கலப்பை ஓட்டிய தடம் கால் நூற்றாண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. அவசரப்படக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பீஷானிலிருந்து ஒருவர்: தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். அங்கே சயனைடு மண்மேட்டில் இன்னும் தங்கம் இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது, டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக. சுரங்கம் 2001இல் மூடியது, கழிவு மேடு நின்றுவிட்டது. அரைக்கும் செலவை உங்கள் தாத்தா காலத்திலேயே செய்து முடித்துவிட்டதால், அவ்வளவு குறைந்த தங்கமும் கணக்குக்கு வரும். ஜோகன்னஸ்பர்க்கில் பழைய மேடுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, தங்கத்தைக் கரைக்கும் சயனைடில் மறுபடி ஊறவைத்து, கரித்துணுக்கில் தங்கத்தைப் பிடிக்கிறார்கள். சிக்கல் வேறிடத்தில். மேட்டைக் கரைக்கத் தண்ணீரை எடுத்தால் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து, புதிய சேற்றை எங்கே வைப்பது? 2019இல் பிரேசிலின் புருமாடின்யோவில் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். ஈரக் கழிவை அணைக்குள் தேக்காமல், பிழிந்து உலர்த்தி அடுக்குவதாக இருந்தால் மட்டும் நான் சரி என்பேன்.

ஒரு அம்மா: மகன் தேசிய சேவை முடிக்கப்போகிறான். சுரங்கப் பொறியியல் வேண்டுமாம். குழிக்குள் இறங்கும் வேலை எதற்கு?

எல்லாரும் இறங்குவதில்லை அக்கா. ஆஸ்திரேலியாவின் பில்பராவில் ஓட்டுநர் இல்லாத லாரிகளை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தள்ளிப் பெர்த்தில் உட்கார்ந்து கவனிக்கிறார்கள். ஆனால் நிலத்தடி வேலையும் தொடர்கிறது, வீட்டைவிட்டு வாரக்கணக்கில் சுரங்க முகாமில் இருக்க வேண்டியும் வரும். அதை மறைத்து ஆசை காட்டமாட்டேன். பாறையும் வெடியும்தான் பிடிக்கும் என்றால் வெளிநாடுதான்: ஆஸ்திரேலியாவில் கால்கூர்லி, குவீன்ஸ்லாந்து, அல்லது இந்தியாவில் சென்னை கிண்டி, தன்பாத். வேதியியல் பிடிக்கும் என்றால் இங்கேயே வேதிப் பொறியியலோ உலோகப்பொருள் அறிவியலோ படித்துவிட்டுப் பிறகு இந்தப் பக்கம் வரலாம். எது பிடிக்கும் என்று முதலில் அவனிடம் கேளுங்கள். ஆய்வகத்தைப் பார்க்க விரும்பினால் ஒரு நாள் அழைத்து வாருங்கள்.