மஞ்சளான இலையைப் பார்த்து "ஏன்?" என்று கேட்கும் படிப்பு

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மாடியில் பத்துப் பதினைந்து தொட்டி வைத்து வளர்க்கிற பிள்ளை. பி.எஸ்சி. அக்ரிதான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். என் மாமியாரோ, "நிலத்தை வித்துட்டு மெட்ராசுக்கு வந்தது இதுக்குத்தானா? விவசாயம் பண்ண டிகிரி எதுக்கு?" என்கிறார். நான்கு வருடம் அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்? வயலில் கால் வைத்தே பார்க்காத பெண்ணுக்கு இது சரிவருமா?
- ஒரு தாய், பெரம்பூர்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமியாரின் கோபத்தை நான் தப்பாக நினைக்கவில்லை. நிலத்தை விற்ற வலி விற்றவர்களுக்குத்தான் தெரியும். நான் அக்ரி சேர்ந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான் வந்தது. அதனால் நான் படித்ததையும் பார்த்ததையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

உங்கள் மகளின் தொட்டிகளில் ஒரு மல்லிச்செடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இலை மஞ்சளாகிறது. நாம் என்ன செய்வோம்? தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஒரு குடம் ஊற்றுவோம், அல்லது கடையில் கிடைக்கிற உரத்தை ஒரு கைப்பிடி போடுவோம். அக்ரி படித்த பெண் முதலில் பார்ப்பது, மஞ்சளானது அடி இலையா, கொழுந்தா என்பதைத்தான். அடி இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவாக இருக்கலாம். தழைச்சத்து செடிக்குள் நகரக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். இரும்புச்சத்து அப்படி நகராது. அது குறைந்தால் நரம்பு பச்சையாகவே இருக்க, கொழுந்து இலை வெளுத்துப்போகும். அப்போது லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்துத் தெளித்தாலே செடி தேறும். சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது என்பதையும் அவள் யோசிப்பாள். அதுவே உளுந்து வயலாக இருந்து, இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தால், வெள்ளை ஈ பரப்பும் வைரஸா என்று இலையைத் திருப்பிப் பார்ப்பாள்.

ஒரே மஞ்சள் நிறத்துக்கு இத்தனை காரணம். இதைப் பிரித்தறியத்தான் மண்ணியல், பயிர் வினையியல், பூச்சியியல், நோயியல் என்று தனித்தனிப் பாடங்கள். உழவியல், மரபியல், தோட்டக்கலை, விதை நுட்பம், பாசனம், பண்ணை இயந்திரம், பொருளாதாரம், வானிலை, புள்ளியியல் எல்லாம் கூடவே வரும். பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிளஸ் டூவில் உயிரியலும் வேதியியலும் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு எதுவும் எட்டாத பாடம் இல்லை.

வகுப்பைவிட வெளியில் கற்பதுதான் அதிகம் என்பேன். மண் மாதிரி எடுப்பதையே பாருங்கள். கையில் கிடைத்த மண்ணை அள்ளிக்கொண்டு வந்தால் அது மண் மாதிரி ஆகிவிடாது. வரப்பு ஓரம், மரத்தடி, எரு கொட்டிய இடம் எல்லாவற்றையும் விலக்கி, வயலில் பல இடங்களில் 'வி' வடிவத்தில் வெட்டி, நெல்லுக்கு என்றால் 15 செ.மீ. ஆழம் வரை சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து இரண்டு பாகத்தைத் தள்ளி, மறுபடி பிரித்து, அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த அரைக் கிலோ ஒரு முழு வயலுக்காகப் பேசப்போகிறது. எடுத்தது தப்பானால் ஆய்வகத்தில் எத்தனை கவனமாகப் பார்த்தும் பயனில்லை. பூச்சியியலுக்குப் பூச்சிகளைப் பிடித்து, இறக்கை விரித்து, ஊசி குத்திப் பெட்டியில் அடுக்க வேண்டும். நகரத்துப் பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். கொஞ்ச நாளில் ஹாஸ்டல் டியூப்லைட்டில் வந்து மோதும் வண்டு எந்தக் குடும்பம் என்று அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்புறம் சேறு. மாணவர்களே நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, உரம் போட்டு, அறுத்து, செலவு வரவு கணக்கும் எழுத வேண்டும். நடவு அன்று இடுப்பு ஒடியும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கிலோ அரிசிக்குப் பின்னால் எவ்வளவு குனிதல் இருக்கிறது என்பது அன்றைக்கு உடம்பில் ஏறும். இதைக் கடக்காமல் ஒருவர் விவசாயிக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

நான்காம் வருடத்தில் கிராமத்தில் தங்கிப் பயில வேண்டும். மாணவர்கள் 'ராவே' என்பார்கள். ஊர் மக்களை உட்காரவைத்துத் தரையில் கோலமாவால் ஊரின் வரைபடம் போடுவது, கிணறு, வாய்க்கால், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கேட்பது, விதைப்பதற்கு முன் விதையை மருந்திட்டுத் தயார்செய்யும் விதை நேர்த்தியைச் செய்து காட்டுவது எல்லாம் அதில் உண்டு. நான் தங்கியிருந்த ஊரில் ஒரு பெரியவரின் நெல் வயல் வெளுத்திருந்தது. தழைச்சத்து போடச் சொன்னேன். அவர் நிதானமாக, "தண்ணிய வடிச்சுட்டு ரெண்டு நாள் விட்டுப் பாப்போம்மா" என்றார். வடித்தோம். ஒரு வாரத்தில் பயிர் தெளிந்தது. தண்ணீர் தேங்கித் தேங்கி வேருக்குக் காற்று இல்லாமல் போயிருந்தது. அந்தப் பாடம் புத்தகத்திலும் இருந்தது. ஆனால் அதை எந்த இடத்தில் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லித் தந்தவர் அவர்தான். கடைசி செமஸ்டரில் காளான், தேனீ, உயிர் உரம் மாதிரி ஒன்றைக் கையில் எடுத்து உற்பத்தி செய்து விற்றும் பழகலாம்.

மெட்ராஸ்காரிக்கு எதற்கு அக்ரி என்று யாராவது கேட்டால் ஒன்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு தொடங்கியதே உங்கள் ஊரில்தான். 1868-ல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்த வேளாண் பள்ளிதான் 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய், வளர்ந்து, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் விலங்கியல் பட்டம் பெற்ற பிறகும் கோவைக்குப் போய் வேளாண்மை படித்தார். 1943 வங்கப் பஞ்சம் அவரை அப்படித் திருப்பியது. பின்னாளில் அவர் 1988-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் தரமணியில் இருக்கிறது.

வேலையைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. மூலம் வேளாண்மை அலுவலர், வங்கிகளில் வேளாண் கள அலுவலர், விதை, உர நிறுவனங்கள், மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று வழிகள் உண்டு. ஆனால் அரசு வேலையை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டும் முன் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, மாணவர்கள் பயிர் செய்யச் சொந்த நிலமும் தண்ணீரும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். வயல் காய்ந்து கிடந்தால், கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வயலில் கால் வைக்காத பெண் என்பது தடையே இல்லை. வெயிலில் நிற்கத் தயாரா, ஹாஸ்டலில் இருப்பாளா, தெரியாததைக் கேட்கக் கூச்சப்படுவாளா என்று மட்டும் பேசிப் பாருங்கள்.

விண்ணப்பம் போடுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை நோட்டும் பேனாவுமாகப் பாட்டியிடம் உட்காரச் சொல்லுங்கள். விற்ற அந்த நிலம் செம்மண்ணா களியா, எந்தப் பட்டத்தில் என்ன விதைத்தார்கள், கிணற்றில் எத்தனை மாதம் தண்ணீர் நின்றது, எந்த வருடம் எது பொய்த்தது, கடைசியில் எதனால் விற்றார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதட்டும். நான்காம் வருடம் ஏதோ ஒரு கிராமத்தில் அவள் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.