பேஸ் பதிவு: பிளக்இன் கேட்பதற்கு முன் கம்பியைப் பாருங்கள்

பேஸ் கிட்டார் பதிவு பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, "பேஸ் சரியாக வரவில்லை, என்ன செய்யலாம்?" என்ற ஒற்றை வரிதான். எத்தனை மாதப் பழைய கம்பி, விரலா பிக்கா, நேரே இன்டர்ஃபேஸிலா (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஆம்ப் வழியாகவா, ஒரு விவரமும் இல்லை. கையை நீட்டாமல் நாடி பார்க்கச் சொன்னால் எப்படி? விவரம் எழுதியவர்களுக்கே இங்கே பதில். ஒருவர் மட்டும் விதிவிலக்கு.

கேள்வி: பேசிவ் பேஸை இன்டர்ஃபேஸில் நேராகச் சொருகினால் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது.

முன்பக்கம் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதை அழுத்தினீர்களா? பேசிவ் பிக்கப்புக்கு (பேட்டரி இல்லாத பேஸில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) 1 மெகாஓம் அளவில் மின்தடையுள்ள இன்புட் வேண்டும். லைன் இன்புட் 10 கிலோஓம் பக்கம்தான் இருக்கும். அதில் சொருகினால் பிக்கப்புக்குச் சுமை ஏறி, மேல் அதிர்வெண்கள் அமுங்கிவிடும். அப்புறம் ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் கருவி) தூக்கினால் இரைச்சலும் சேர்ந்துதான் எழும்.

கேள்வி: கெயினைச் சிவப்பு விளக்கு எரியாமல் முடிந்தவரை ஏற்ற வேண்டும் என்கிறார் நண்பர். சரியா?

16 பிட் காலத்துப் பழக்கம் அது. 24 பிட்டில் பதிகிறீர்கள் என்றால் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் தாராளம். ஆனால் அளவு வைக்கும்போது பாட்டிலேயே பலமாக அடிக்கும் இடத்தை வாசித்து வையுங்கள். சோதனையில் பூப்போலத் தடவிவிட்டு, டேக்கில் (நிஜப் பதிவில்) வெளுத்து வாங்கிவிட்டு, 'கிளிப் ஆகிறது' (ஒலி உச்சம் தாண்டி உடைகிறது) என்று எழுதாதீர்கள்.

கேள்வி: பதிவுக்கு முன் புதுக் கம்பி கட்டாயமா?

ரவுண்ட்வவுண்ட் (உருண்டை இழை சுற்றிய) கம்பியில் பளிச்சென்ற ஒலி வேண்டுமென்றால் ஆமாம். ஒரு நாள் முன்னதாக மாட்டி, நன்றாக இழுத்துவிட்டு, ட்யூன் நிற்கும்வரை வாசியுங்கள். ஃப்ளாட்வவுண்ட் (தட்டை இழை சுற்றியது) என்றால் அப்படியே விடுங்கள். அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனத்துப் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி அறுந்தால்தான் மாற்றுவார் என்பது ஊரறிந்த கதை. அதைச் சாக்காகச் சொல்கிறவர்கள் அவருடைய கையையும் கொண்டுவர வேண்டும். எதுவானாலும் ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூன் பாருங்கள்.

கேள்வி: என் பேஸ் மிக்ஸில் மெலிந்து போகிறது. எந்த பிளக்இன் வாங்கலாம்?

இவர்தான் அந்த விதிவிலக்கு. வேறு ஒரு வரி எழுதவில்லை. ஒலியை மாற்றும் மென்பொருளை வாங்க மட்டும் தயாராக இருக்கிறார். மாதம் நான்கு பேராவது இப்படி எழுதுகிறார்கள் என்பதால் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், எதில் கேட்கிறீர்கள்? நான்கு கம்பி பேஸின் திறந்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். லேப்டாப் ஸ்பீக்கரில் அது வரவே வராது. அதில் உங்களுக்குக் கேட்பது 82, 123 என்று மேலே அடுக்கடுக்காக நிற்கும் ஹார்மானிக்ஸ் (அடிச் சுரத்தின் மடங்குகள்). அடிச் சுரத்தைக் காதுதான் ஊகித்துக்கொள்கிறது. 40 ஹெர்ட்ஸை ஈக்யூவில் ஏற்றினால் அந்த ஸ்பீக்கரில் ஒரு மாற்றமும் தெரியாது, மிக்ஸில் இருக்கும் இடத்தை மட்டும் தின்றுவிடும். 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். அதற்கும் முன்னால், பேஸில் டோன் குமிழ் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், நிறையப் பேருக்கு மூடித்தான் இருக்கிறது.

அடுத்தது கை. ஒரு சுரம் பலமாக, அடுத்தது சோனியாக வந்தால், மெலிந்ததாகத்தான் கேட்கும். இடதுகை விரல் அரைக்கால் தாளம் முன்னதாக எழுந்துவிட்டாலும் அதே கதை. வாசிக்காத கம்பிகளைக் கையால் அமர்த்தாவிட்டால் அவை அடியில் முனகிக்கொண்டே இருக்கும். மிக்ஸில் சேறு என்று நீங்கள் சொல்வதில் பாதி அதுதான். இதையெல்லாம் கழுவித் தரும் பிளக்இன்னை நான் இன்னும் பார்க்கவில்லை.

நானும் இதில் விழுந்தவன்தான். ஒரு பாட்டில் பேஸ் கீபோர்டோடு ஒட்டவே மாட்டேன் என்றது. இரண்டு மாலை ஈக்யூவோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ட்யூனரை வைத்துப் பார்த்தால், ஈ கம்பியின் ஒவ்வொரு சுரமும் அடித்த கணத்தில் சுருதி ஏறி, பிறகு இறங்குகிறது. கம்பியை அவ்வளவு ஆவேசமாக இழுத்திருக்கிறேன். கையைத் தளர்த்தி மறுபடி வாசித்தேன், அரை மணியில் முடிந்தது. அதனால்தான் சொல்கிறேன்: டேக்கில் எவ்வளவு பலமாக வாசிப்பீர்களோ அதே பலத்தில் தட்டி ட்யூன் பாருங்கள்.

கேள்வி: டிஐ (மைக் இல்லாத நேரடி இணைப்பு), மைக் இரண்டையும் பதிந்தேன். சேர்த்தால் அடிப்பகுதியே காணாமல் போகிறது. பேஸ் பிரச்சினையா?

ஃபேஸ் பிரச்சினை, அதாவது இரண்டு அலைகளும் ஒத்துப்போகவில்லை. (ஆய்த எழுத்தை விடாதீர்கள் ஐயா. 'பேஸில் பேஸ் பிரச்சினை' என்ற கடிதத்தை மூன்று முறை படித்தேன்.) அடிப்பகுதி மொத்தமாகப் போகிறதென்றால் ஒரு டிராக்கின் போலாரிட்டி தலைகீழாக இருக்கும், திருப்பிப் பாருங்கள். சில ஆம்ப்கள் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். அதற்குப் பிறகும் நடுப்பகுதி உள்வாங்கியது போலக் கேட்டால், மைக் தாமதம். 30 செ.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். மைக் டிராக்கை அந்த அளவு முன்னால் இழுங்கள்.

கேள்வி: சுவரெல்லாம் நுரைத் தகடு ஒட்டியும் ஆம்ப் குமுறுகிறது.

41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். இரண்டு அங்குல நுரை அதை என்ன செய்யும்? ஆம்பை மூலையிலிருந்து நகர்த்துங்கள், மைக்கை ஸ்பீக்கர் கூம்புக்கு நெருக்கி வையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் டிஐ மட்டும் பதியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: கம்ப்ரஸர் (பலமான ஒலியை அமுக்கும் கருவி) போட்டே பதியலாமா?

வேண்டாம். அமுக்கிப் பதிந்ததைப் பிறகு விரிக்க முடியாது. மிக்ஸில் அமுக்கும் விகிதம் 4:1 வைத்து, அட்டாக்கை (அமுக்க எடுக்கும் நேரம்) 30 மில்லிசெகண்ட் பக்கம் விட்டு, 5 டெசிபல் போல இறக்கிப் பாருங்கள். கையில் சீர் இருந்தால் அதுகூடத் தேவைப்படாது.

கேள்வி: ஜாஸ் பேஸில் (இரண்டு பிக்கப் கொண்ட மாடல்) 'ம்ம்ம்' என்று ஹம்.

இரண்டு வால்யூமையும் ஒரே அளவில் வையுங்கள். இரண்டு பிக்கப்பின் ஹம்மும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். போகாவிட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஆக்டிவ் பேஸ். டேக்கின் நடுவில் கரகரக்கிறது.

9 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். கேபிள் சொருகியே இருந்தால் நீங்கள் தூங்கும்போதும் அது கரைந்துகொண்டிருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுங்கள். புது பேட்டரி போட்டதும், ட்யூன் பாருங்கள்.