உங்கள் துணைக்குக் கஷ்டமான வீடியோ கேம்கள் மீது ஆர்வம் கூடிக்கொண்டே போனால் என்ன செய்வீர்கள்?

எங்கள் வீட்டில் இது நடந்துகொண்டிருக்கிறது. ஆடுவது என் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை அவள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததே இல்லை. கேம் ஆடுகிறவன் நான்தான், அதுவும் ஃபுட்பாலும் கார் ரேஸும்தான்.

செலஸ்டில்தான் ஆரம்பித்தது. 2018இல் வந்த கேம். மேட்லின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள், பார்க்க அழகாக இருக்கும், இவளுக்குப் பிடிக்கும் என்று போட்டுக் கொடுத்தேன். குதிப்பது, சுவரைப் பிடிப்பது, காற்றில் ஒரே ஒரு தடவை பாய்வது, பெரும்பாலும் இவ்வளவுதான் ஆட்டம். பாய்ந்ததும் மேட்லினின் சிவப்பு முடி நீலமாகிவிடும், தரையில் கால் பட்டால் திரும்பச் சிவப்பாகும், அந்த நிறத்தை வைத்தே இன்னொரு பாய்ச்சல் மிச்சம் இருக்கிறதா என்று கண்டுபிடித்துக்கொள்ளலாம். விழுந்தால் அடுத்த நொடியே அதே திரையில் மறுபடி நிற்பீர்கள். எத்தனை தடவை செத்தீர்கள் என்று கேமே கணக்கு வைத்திருக்கும். முதல் அத்தியாயம் முடியும்போது இவள் கணக்கு 300ஐத் தாண்டியிருந்தது. எனக்குத்தான் மனசு கேட்காமல், அசிஸ்ட் மோட் என்று ஒன்று இருக்கிறது, வேகத்தைக் குறைத்துக்கொள் என்றேன். குறைத்தாள். மூன்றாவது அத்தியாயத்தில் யாரும் சொல்லாமல் அவளே பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

நான்காவது அத்தியாயத்தில் ஒரு காட்சி உண்டு. கேபிள் கார் நடுவழியில் நின்று மேட்லினுக்குப் படபடப்பு வந்துவிடும். ஓர் இறகு மிதப்பதாக நினைத்து மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்வான் கூட வருகிற நண்பன், நாமும் பட்டனை அழுத்தியும் விட்டும் அந்த இறகை மிதக்கவைக்க வேண்டும். அது முடிந்ததும் இவள் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வேலை மாறிய சமயத்தில் இவளுக்கும் ராத்திரியில் அப்படிப் படபடப்பு வந்துகொண்டிருந்தது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நான் இருந்தேன். அன்றைக்கு அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள். அந்த கேமுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் ஹாலோ நைட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சின்னக் குழு 2017இல் வெளியிட்டது. பூமிக்கு அடியில் பூச்சிகளின் பாழடைந்த ராஜ்யம், மேப் கூட ஒவ்வொரு பகுதிக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதில் ஒரு தப்பு செய்தேன். மான்டிஸ் லார்ட்ஸ் என்று மூன்று எதிரிகள், முதலில் ஒருத்தி தனியாக வருவாள், அவளை ஜெயித்தால் மற்ற இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள். இவள் மூன்று நாளாக அங்கேயே நின்றாள். "கொடு, நான் முடிச்சுத் தர்றேன்" என்று கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கிவிட்டேன். "நீங்க முடிச்சா அது நான் முடிச்சதா ஆகுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் ஆடாமல் அப்படியே வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவளே ஜெயித்தாள். ஜெயித்த பிறகு அந்த ஊர் வழியாக நடந்தால், அதுவரை பாய்ந்து பாய்ந்து வெட்டிய பூச்சிகள் எல்லாம் ஒதுங்கி நின்று தலைகுனிந்து வணக்கம் சொல்லும். "பாருங்க, பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அதை நான் முடித்துக் கொடுத்திருந்தால் எவ்வளவு பெரிய அநியாயம்!

கேள்விக்கு என் நேரடி பதில் இதுதான். கன்ட்ரோலரை வாங்காதீர்கள். கேட்காமல் யூடியூபில் பார்த்துவிட்டு வழி சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

இப்போது எல்டன் ரிங். 2022இல் வந்தது, ஃப்ரம் சாஃப்ட்வேர் செய்தது. எதிரிகளைக் கொன்று சேர்த்த ரூன், அதாவது அந்த கேமின் காசு, செத்தால் எல்லாம் செத்த இடத்தில் கிடக்கும், எடுக்கப் போகிற வழியில் இன்னொரு தடவை செத்தால் போச்சு. அதில் முதல் பெரிய பாஸ், அதாவது வழியை மறித்து நிற்கும் பலமான எதிரி, மார்கிட். கைத்தடியை ஓங்குவான், ஆனால் உடனே அடிக்கமாட்டான், அப்படியே பிடித்துவைத்திருப்பான், நாம் அவசரப்பட்டு உருண்டு எழுந்திருக்கும் நேரம் பார்த்து இறக்குவான். இவள் பிளஸ் டூ வரை பாட்டு கற்றுக்கொண்டவள். இருபது தடவை செத்த பிறகு தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, "இவன் சமத்துல எடுக்கலைங்க, அரை இடம் தள்ளி எடுக்கறான்" என்றாள், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்காமல் அரைத் தட்டு தள்ளித் தொடங்குகிறான். பழைய டைரியில் குறித்தும் வைத்தாள்: ஓங்கும்போது சும்மா நில், இறங்கும்போது உருள். இதை எந்த வீடியோவும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, பால் காய்வதற்குள், அவனை முடித்தாள்.

சண்டையே இல்லையா என்றால், உண்டு. எல்டன் ரிங்கில் நடுவில் நிறுத்திவைக்கத் தனிப் பட்டன் இல்லை. குழந்தை அழுதாலும் காலிங் பெல் அடித்தாலும் பாஸ் அடித்துக்கொண்டேதான் இருப்பான். ஒரு தடவை மணி ஒன்றரை ஆகிவிட்டது, மறுநாள் இரண்டு பேருக்கும் வேலை, குரலை உயர்த்திப் பேசிவிட்டோம். அதற்கப்புறம் ஓர் ஏற்பாடு. குழந்தை தூங்கியதும் ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை அவள் நேரம், அப்போது குழந்தை எழுந்தால் நான் போவேன். பதினொன்றுக்கு மேல் புதிதாக ஒரு பாஸிடம் போவது கிடையாது. ராத்திரி நாற்பது தடவை தோற்றது காலையில் மூன்றாவது தடவையிலேயே முடிந்ததை இரண்டு பேரும் பார்த்துவிட்டதால், இதை அவளும் மனசார ஒப்புக்கொண்டாள்.

இப்போது மலேனியா என்ற பாஸிடம் நிற்கிறாள். மலேனியாவின் அடி நம் மேல் பட்டால் அவள் உயிர் ஏறிக்கொள்ளும், கேடயத்தில் தடுத்தாலும் ஏறும். நேற்றுவரை 61 தடவை. டைரியில் புதுப் பக்கம் போட்டாகிவிட்டது, அந்த நீளமான தொடர் வெட்டு வரும்போது எத்தனை அட்சரம், அதாவது எத்தனை தாளத் தட்டு, என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிச் சொல்வது என் வேலை.