பழைய ஜாஸ் மேடைப் படங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 1950, 60களின் அமெரிக்க ஜாஸ் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிப் படங்களைத் தேடிப் பார்த்து வருகிறேன். நல்ல படங்களில் பெரும்பாலானவை நார்வே, சுவீடன், டென்மார்க், பெல்ஜியம், ஜெர்மனி என்று ஐரோப்பாவில்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. இதற்குக் காரணம் என்ன?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரதாரரின் பணத்தில் நடந்தது. ஒரே இசைத்துண்டை இருபது நிமிடம் விரித்து வாசிக்கும் குழுவுக்கு, அதிலும் கறுப்பினக் கலைஞர்களின் குழுவுக்கு, அங்கே இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. ஐரோப்பிய நாடுகளின் தொலைக்காட்சி நிலையங்களோ பெரும்பாலும் பொது நிதியில் நடந்தவை; ஒளிபரப்பு நேரத்தை நிரப்பவேண்டிய கடமையும், இசையைக் கலையாக மதிக்கும் தயாரிப்பாளர்களும் அவற்றுக்கு இருந்தார்கள். ஜெர்மனியின் பாடன்-பாடன் நிலையத்தில் யோஆகிம்-எர்ன்ஸ்ட் பெரெண்ட் 1955 முதல் 1972 வரை ஜாஸுக்கென்றே ஒரு தொடரை நடத்தினார். 1961 டிசம்பரில் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் தம் குழுவில் மற்றொரு சாக்ஸஃபோன் கலைஞரான எரிக் டால்ஃபியையும் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவில் பயணம் செய்தபோது, இருவரும் அருகருகே நின்று வாசித்த காட்சி அந்த நிலையத்தின் தயவால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

கொம்ப்ளேன்-லா-தூர் என்ற சிறிய பெல்ஜிய ஊரையும் இங்கே சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அந்தப் பகுதியில் போரிட்ட ஜோ நப்போலி என்ற அமெரிக்கர் 1959இல் அங்கே ஒரு ஜாஸ் விழாவைத் தொடங்கினார். 1965 ஆகஸ்ட் 1 அன்று அங்கே வாசித்த கோல்ட்ரேன் குழுவை பெல்ஜியத் தொலைக்காட்சி படமெடுத்தது. ஆகஸ்ட் மாதமாயினும் அன்று குளிர். ட்ரம்ஸ் வாசிக்கும் எல்வின் ஜோன்ஸின் வியர்வையில் நனைந்த உடலிலிருந்து ஆவி எழுவதைப் படத்தில் கண்ணால் காணலாம். அந்த இசைக்கு எவ்வளவு உடலுழைப்பு தேவைப்பட்டது என்பதை எந்த இசைத்தட்டும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

எடுத்தவை எல்லாம் எஞ்சியிருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. அக்காலத்து இரண்டு அங்குல ஒளிநாடா மிகுந்த விலையுள்ளது என்பதால், ஒளிபரப்பு முடிந்ததும் அதை அழித்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவது எங்கும் வழக்கமாக இருந்தது. லண்டனில் பிபிசி 1964இல் தொடங்கிய 'ஜாஸ் 625' தொடரின் நாடாக்கள் பலவும் இப்படியே அழிந்தன. யாரேனும் ஒருவர் படச்சுருளில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால் மட்டுமே அந்த இரவு பிழைத்தது.

கேள்வி: டபுள் பாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸ் குழுவின் 1964ஆம் ஆண்டுப் படங்களில், ஆஸ்லோவில் ட்ரம்பெட் வாசிப்பவர் ஒருவர் இருக்கிறார். சில நாள் கழித்து பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் எடுத்த படத்தில் அவரைக் காணவில்லை. அவர் குழுவை விட்டு விலகிவிட்டாரா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: விலகவில்லை, மேடையிலேயே சரிந்து விழுந்தார். அவர் பெயர் ஜானி கோல்ஸ். ஏப்ரல் 12 அன்று ஆஸ்லோவிலும், மறுநாள் ஸ்டாக்ஹோமிலும் வாசித்த அந்த அறுவர் குழு 17ஆம் தேதி பாரிஸை அடைந்தது. அங்கே கச்சேரி நடுவில் வயிற்றுப்புண் முற்றி கோல்ஸ் விழுந்தார், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். குழு ஐவராகப் பயணத்தைத் தொடர்ந்தது. லியேஜ் படம் எடுக்கப்பட்டது 19ஆம் தேதி, அதாவது அவர் விழுந்து இரண்டே நாளில்.

இதை அறிந்த பிறகு இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஆஸ்லோவில் மூன்று ஊதுகருவிகளுக்கென்று அமைந்த இசை, லியேஜில் எரிக் டால்ஃபி, கிளிஃபர்ட் ஜோர்டன் ஆகிய இருவரின் மூச்சில் நிற்கிறது. காலியான இடத்தை நிரப்பும் சுமையில் பெரும்பங்கை ஏற்பவர் பியானோ வாசிக்கும் ஜாக்கி பயர்ட் என்பது என் கணிப்பு. இடது கையில் பழைய காலத்து 'ஸ்ட்ரைட்' (stride) நடையையும் வலது கையில் அன்றைய புதுமையையும் ஒரே மூச்சில் வாசிக்கக்கூடிய அந்த மேதையின் பெயரை ஜாஸ் கேட்பவர்களிலும் பலர் அறியமாட்டார்கள்.

அந்தப் பயணத்தின் முடிவில் டால்ஃபி அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. ஐரோப்பாவிலேயே தங்கிவிடுவதென்று முன்பே முடிவு செய்திருந்தார். படங்களில் மிங்கஸ் வாசிக்கும் 'ஸோ லாங் எரிக்' என்ற இசைத்துண்டு அவரை வழியனுப்புவதற்காகவே அப்பெயர் பெற்றது. ஜூன் 2 அன்று நெதர்லாந்தின் ஹில்வெர்சம் நகரில், பியானோவில் மிஷா மெங்கல்பெர்க், பாஸில் யாக் ஸ்கோல்ஸ், ட்ரம்ஸில் ஹான் பெனிங்க் என்ற மூன்று உள்ளூர்க் கலைஞர்களுடன் டால்ஃபி ஒரு பதிவு செய்தார். பெனிங்குக்கு அப்போது வயது 22. அவர்களில் எவரையும் உலகம் அன்று அறிந்திருக்கவில்லை. ஆயினும் டால்ஃபியின் கோணலான, தாவித்தாவிச் செல்லும் சுரங்களுக்கு மெங்கல்பெர்க் அஞ்சி ஒதுங்காமல் எதிர்க்கேள்வி கேட்பதுபோல் பியானோவில் விடை சொல்லுவதைக் கவனித்துக் கேட்கவேண்டும். ஜூன் 29 அன்று, கண்டறியப்படாத நீரிழிவு நோயால், மேற்கு பெர்லினில் டால்ஃபி இறந்தார். 36 வயது நிறைந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

கேள்வி: சாக்ஸஃபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் 60களில் கோபன்ஹேகனில் வாசிக்கும் படம் ஒன்றில், பள்ளி மாணவன்போல் தோன்றும் ஓர் இளைஞர் டபுள் பாஸ் வாசிக்கிறார். அவர் யார்?
— வாசகர், மதுரை

பதில்: நீங்கள் பார்த்தவர் பெரும்பாலும் நீல்ஸ்-ஹென்னிங் ஓர்ஸ்டெட் பேடர்சனாகத்தான் இருக்கவேண்டும். 1946இல் பிறந்தவர், 1962இல் பியானோ மேதை பட் பவல் கோபன்ஹேகனில் பதிவு செய்தபோது அவருக்குப் பாஸ் வாசித்த இந்தச் சிறுவனுக்கு வயது 15. இவருக்குப் பதினேழு வயதானபோது அமெரிக்க இசைக்குழுத் தலைவர் கவுண்ட் பேஸி தம் குழுவுக்கு அழைத்தும் போகவில்லை. கோபன்ஹேகனில் 'மான்மார்த்ர' என்ற கிளப் இருந்தது; அமெரிக்காவிலிருந்து தனியாக வந்து இறங்கும் நட்சத்திரத்துக்குத் துணையாக வாசிக்க அங்கே ஒரு குழு ஆயத்தமாக இருக்கும். பாஸில் இந்த இளைஞர், ட்ரம்ஸில் அலெக்ஸ் ரீல், பியானோவில் அங்கேயே குடியேறிவிட்ட அமெரிக்கர் கென்னி ட்ரூ. சில இரவுகளில் ட்ரூவின் இடத்தில் பார்சிலோனாவைச் சேர்ந்த டெட்டே மொன்டோலியு அமர்ந்தார். பிறவியிலேயே பார்வையற்றவர், வேகத்தில் அவருக்கு நிகரானவர்கள் அன்றைய ஐரோப்பாவில் மிகச் சிலரே.

நம் கச்சேரிகளில் நல்ல பக்கவாத்தியம் அமைந்தால் பாடகர் எப்படி மலர்கிறாரோ, கார்டனும் அப்படியே மலர்ந்தார் என்று கேட்பவருக்குத் தோன்றும். 1962இல் கோபன்ஹேகனுக்கு வந்தவர் பதினான்கு ஆண்டுகள் ஐரோப்பாவில் தங்கியதற்கு இந்தத் துணையும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். குறை ஒன்று சொல்லவேண்டும். அக்காலத்து ஒளிப்பதிவாளர்கள் நட்சத்திரத்தின் முகத்தை விட்டு நகரமாட்டார்கள். பாஸ் தனியாக வாசிக்கும் இடம் வந்ததும், கேமரா சிகரெட் புகைக்கும் பார்வையாளர்களிடம் போய்விடும். அத்தகைய இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு காதால் பாருங்கள்.

கேள்வி: பழைய ஜாஸ் படங்களோடு சேர்ந்து கீபோர்டில் வாசித்துப் பழகுகிறேன். சில படங்களில் சுருதி எந்தக் கட்டையிலும் சேராமல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பழைய பியானோக்களின் குறையா?
— வாசகி, சென்னை

பதில்: பியானோவின் சுருதி கலைந்திருக்கலாம், எனினும் குழு முழுவதும் ஒரே அளவில் விலகி நின்றால், படத்தின் ஓட்டவேகத்தையே ஐயுறவேண்டும். திரையரங்குக்கென எடுக்கப்படும் படம் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும்; ஐரோப்பியத் தொலைக்காட்சி 25 ஃபிரேம் ஓட்டும். 24இல் எடுத்ததை 25இல் ஓட்டினால் வேகம் நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடி, சுருதி அரைக் கட்டையில் ஏறக்குறைய எழுபது விழுக்காடு உயர்ந்துவிடும். ஒரு மணி நேரக் கச்சேரி 57 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். மாறாக, தொலைக்காட்சிக்காக 25இல் எடுத்த படத்தை 24இல் ஓட்டிப் பிரதி எடுத்திருந்தால் சுருதி அதே அளவு தாழும். சுருதி உயர்ந்திருப்பதாகத் தோன்றினால், உங்கள் கணினியில் ஓட்டவேகத்தை 0.96 மடங்காகக் குறைத்துப் பாருங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலான மென்பொருள்கள் வேகத்தை மாற்றும்போது சுருதி மாறாமல் தாமே சரிசெய்துவிடும், அமைப்புகளில் அந்த வசதியை நிறுத்திவிட்டுச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

கேள்வி: ஜெர்மனியில் ஜாஸ் மேடையில் நாகஸ்வரம் வாசித்தவர் ஒருவர் உண்டு என்று கேள்விப்பட்டேன். மெய்தானா?
— வாசகர், திருவாரூர்

பதில்: மெய்தான். சார்லி மரியானோ. பாஸ்டனில் 1923இல் பிறந்து, மிங்கஸின் குழுவிலும் ஆல்டோ சாக்ஸஃபோன் வாசித்து, பிற்காலத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறி 2009இல் அங்கேயே மறைந்தவர். 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலியின் இசைக்குழுவுக்குப் பயிற்சி அளிக்கக் கோலாலம்பூர் சென்றிருந்தபோதுதான் நாகஸ்வரத்தை முதன்முதலில் கேட்டார். பின்னர் தென்னிந்தியாவுக்கே வந்து தங்கிக் கற்றார். 70களில் ஐரோப்பியக் குழுக்களுடன் அவர் வெளியிட்ட இசைத்தட்டுகளில் அதைக் கேட்கலாம். கற்றுத் தேர்ந்த நம் வித்வானின் பிருகாக்களை அதில் எதிர்பார்க்கவேண்டாம். இரட்டை நாணல் கருவியின் மீது அவர் கொண்டிருந்த ஆர்வமும், சாக்ஸஃபோனில் பழகிய உதடு சீவாளியோடு பொருந்தப் படும் பாடும் ஒவ்வொரு சுரத்திலும் தெரியும். எனக்கு அதுவே போதும். பெங்களூரின் கர்நாடகா தாளவாத்தியக் கல்லூரிக் குழுவினருடனும், பாடகி ஆர்.ஏ. ரமாமணியுடனும் 1983இல் அவர் செய்த பதிவையும் தேடிக் கேளுங்கள்.

கேள்வி: அதிகம் பேசப்படாத ஐரோப்பிய ஜாஸ் கலைஞர்களில் யாரிடமிருந்து தொடங்கலாம்?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: மூவரைச் சொல்லுகிறேன். லைப்ட்சிக் நகரில் பிறந்த பியானோ கலைஞர் யூட்டா ஹிப், 1955இல் நியூயார்க் சென்று மறு ஆண்டே ப்ளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தவர். சில ஆண்டுகளில் இசையை முற்றிலும் விட்டுவிட்டு, ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலைக்குச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே உழைத்தார். அவருடைய வாசிப்பில் வீண் சுரம் ஒன்றும் கிடையாது. போலந்தின் கிஷிஷ்டோஃப் கொமேடா காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மருத்துவமனையில் தம் ஜாஸ் வாழ்க்கை தெரியக் கூடாதென்றே கொமேடா என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். ரோமன் பொலான்ஸ்கியின் படங்களுக்கு இசையமைத்தவர் என்ற அளவில் சிலர் அறிந்திருப்பார்கள். 1965இல் அவர் தம் ஐவர் குழுவோடு செய்த பதிவுதான் அவருடைய உண்மையான உயரம்.

மூன்றாமவர் சுவீடனின் யான் யோஹான்சன். தம் நாட்டுப் பழைய நாட்டுப்புறப் பாடல்களை எடுத்து, ஜார்ஜ் ரீடலின் பாஸ் ஒன்றையே துணையாகக் கொண்டு, பியானோவில் மிக மெதுவாக வாசித்தார். 1964இல் முழு இசைத்தட்டாக வெளிவந்த அது சுவீடனில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் இசைத்தட்டு. 1968 நவம்பரில், ஒரு தேவாலயக் கச்சேரிக்குச் செல்லும் வழியில் கார் விபத்தில் அவர் இறந்தார், வயது 37. முதல் பாடலில் மெட்டின் ஒவ்வொரு வரி முடிந்ததும் அவர் விடும் இடைவெளியையும், அந்த இடைவெளிக்குள் ரீடல் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பதையும் கேளுங்கள்.