முகப்பரு குறைய பயோட்டின், ஜிங்க், மீன் எண்ணெய் மாத்திரை எடுக்கலாமா?

கல்லூரி இறுதியாண்டு, தாடையைச் சுற்றிப் பரு, முடி கொட்டுகிறது என்று வாங்கிய பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை கையில் இருக்கிறது, கூடவே ஜிங்கும் (துத்தநாகச் சத்து) மீன் எண்ணெயும் சேர்த்தால் பரு அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னை பெரம்பூரில் மருந்துக்கடை பார்மசிஸ்ட். கவுண்டரில் அடிக்கடி வரும் கேள்வி இது.

மூன்றில் ஜிங்குக்குத்தான் ஓரளவு ஆதாரம் உண்டு. தினம் 30 மில்லிகிராம் ஜிங்கை மினோசைக்ளின் ஆன்டிபயாட்டிக்கோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஜிங்கிலும் பரு குறைந்தது, மினோசைக்ளினில் இன்னும் நன்றாகக் குறைந்தது. அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஜிங்கைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்கிறது. அதனால் துணைக்கு எடுக்கலாம், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

வாங்கினால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். 'ஜிங்க் சல்பேட் 220 மில்லிகிராம்' என்று போட்டிருந்தால் உள்ளே இருக்கும் ஜிங்க் சுமார் 50 மில்லிகிராம்தான். ஆனால் அதுவே அதிகம்; டாக்டர் சொல்லாமல் பெரியவர்கள் ஒரு நாளைக்கு 40-ஐத் தாண்டக் கூடாது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். மாதக்கணக்கில் அதிக அளவில் எடுத்தால் உடம்பில் செம்புச்சத்து குறைந்து ரத்தசோகை வரை கொண்டுபோய் விடும்.

பயோட்டினை நிறுத்திவிடலாம். நமக்குத் தினம் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். கடையில் விற்கும் மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. பருவுக்கு அதனால் பலன் இல்லை. அதைவிட முக்கியம், இவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் தைராய்டு டெஸ்ட் முடிவு தப்பாக வரலாம். டெஸ்ட் எடுக்கப் போனால் லேபில் கட்டாயம் சொல்லுங்கள்.

மீன் எண்ணெய்க்குப் பணம் செலவழிப்பதை விட மத்தி, கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள். ஒமேகா-3 அதிலேயே இருக்கிறது, விலையும் கையைக் கடிக்காது.

புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன், இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். ஜிம்மில் கொடுக்கும் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) சிலருக்குப் பருவைக் கிளப்பிவிடும். பி12 மாத்திரை, ஊசியும் அப்படித்தான். ஆனால் குறைபாட்டுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த பி12-ஐ நீங்களாக நிறுத்தாதீர்கள், அவரிடம் சொல்லுங்கள். சிவப்பழகுக்கு என்று வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. முதலில் முகம் பளிச்சென்று ஆகும், அப்புறம் பரு கொத்துக் கொத்தாக வரும். அந்தப் பருவை எந்தச் சத்து மாத்திரையும் அடக்காது.

வைட்டமின் ஏ-யை அதிக அளவில் சொந்தமாக எடுக்கவே கூடாது. கல்லீரலைப் பாதிக்கும், கருவுற்றிருந்தால் குழந்தைக்கு ஆபத்து.

சரி, எதுதான் வேலை செய்யும்? பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற மேல்பூச்சுகள். இரண்டு, மூன்று மாதம் பொறுமையாகப் பூச வேண்டும். டாக்டர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதோடு சேர்த்து விழுங்காமல் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

தாடையில் பரு, கூடவே மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது என்று இருந்தால் பிசிஓஎஸ் (சினைப்பையோடு தொடர்புடைய ஹார்மோன் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம்தான் தயக்கம் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ சென்ட்ரல் எதிரே ஜி.ஹெச்-சிலோ தோல் ஓ.பி.க்குப் போங்கள். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள், இப்போது எடுக்கும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.