சோதனையில் வெடித்த கலத்தை நம்பி மனிதர் ஏறலாமா?

கேள்வி: 2019இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலம் தரைச்சோதனையில் வெடித்ததையும், 2024இல் போயிங்கின் ஸ்டார்லைனர் கலம் வீரர்களை விண்வெளி நிலையத்திலேயே விட்டுவிட்டுத் திரும்பியதையும் படித்த என் மகன், உயர்நிலை இரண்டு மாணவன், இந்தப் பொறுப்பைத் தனியாரிடம் கொடுத்தது சரியா என்று கேட்கிறான். நமது சிங்கப்பூரின் டெலியோஸ்-2 செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சிக்கலின்றிச் சென்றதே, மனிதரை அனுப்ப மட்டும் ஏன் இத்தனை ஆண்டுகள்?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: டெலியோஸ்-2 திரும்பி வர வேண்டிய பொருள் அன்று. 2023 ஏப்ரல் 22ஆம் தேதி பிஎஸ்எல்வி ராக்கெட் அந்த 741 கிலோ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டதோடு ராக்கெட்டின் வேலை முடிந்தது. மனிதர் ஏறும் கலமோ பத்திரமாகத் திரும்ப வேண்டும். ராக்கெட் நடுவழியில் பழுதானால் கணப்பொழுதில் அதிலிருந்து விலகித் தப்பவும் வேண்டும். அப்படித் தப்பிக்கும் ஏற்பாடு இல்லாத சேலஞ்சர் ஓடத்தில் 1986இல் எழுவர் உயிரிழந்தனர் என்பதையும், அதை இயக்கியது அரசு அமைப்பான நாசாதான் என்பதையும் உங்கள் மகனுக்கு முதலில் சொல்லுங்கள்.

2011இல் விண்வெளி ஓடங்கள் ஓய்வுபெற்ற பின் நாசா ரஷ்யாவின் சோயுஸ் கலத்தையே நம்பியிருந்தது. 2014 செப்டம்பரில் அது போயிங்குக்கு ஏறத்தாழ 420 கோடி அமெரிக்க டாலருக்கும், ஸ்பேஸ்எக்சுக்கு 260 கோடி டாலருக்கும் ஒப்பந்தம் வழங்கியது. கலம் நிறுவனத்தின் சொத்து. அதில் வீரர்களை ஏற்றலாம் என்று சான்றளிக்கும் அதிகாரம் நாசாவுடையது. ஆகவே பொறுப்பு முழுவதும் கைமாறிவிடவில்லை.

2019 ஏப்ரல் 20ஆம் தேதி வெடித்த டிராகன், ஆளில்லாமல் விண்வெளி நிலையம் சென்று திரும்பி ஆறு வாரங்களே ஆன கலம். தப்பிக்கும் உந்துபொறிகளை இயக்குவதற்கு ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு முன் அது சிதறியது. எரிபொருளை எரிக்க உதவும் நைட்ரஜன் டெட்ராக்சைடு திரவத்தில் சிறிதளவு, ஹீலியம் செல்லும் குழாய்க்குள் கசிந்திருந்தது. அமைப்பை உயரழுத்தத்துக்குக் கொண்டுவந்தபோது ஹீலியம் அத்திரவத்தைப் பெருவேகத்தில் தள்ள, அது மோதிய டைட்டேனிய ஒருவழி வால்வே தீப்பற்றிக்கொண்டது. அந்தச் சூழலில் டைட்டேனியம் அப்படி எரியும் என்று பொறியாளர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. பிறகு அந்த வால்வுகளுக்குப் பதிலாக, உரிய அழுத்தம் வந்தால் மட்டுமே கிழிந்து வழிவிடும் தகடுகளைப் பொருத்தினார்கள். 2020 ஜனவரி 19ஆம் தேதி, பறந்துகொண்டிருந்த ராக்கெட்டிலிருந்து ஆளில்லாத டிராகனை வேண்டுமென்றே பிரித்துப் பார்த்தார்கள். ராக்கெட் சிதறியது, கலம் வான்குடைகளில் இறங்கியது. விண்வெளி வீரர்கள் டக் ஹர்லியும் பாப் பென்கனும் டிராகனில் புறப்பட்டது அதன் பின்னரே, மே 30ஆம் தேதியன்று.

ஸ்டார்லைனரின் கதை நீண்டது. 2019 டிசம்பரில் அதன் கடிகாரம் 11 மணி நேரம் பிழையாக இருந்ததால் நிலையத்தை அடைய முடியவில்லை. 2021இல் வால்வுகள் இறுகிக்கொண்டன. 2024 ஜூனில் புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்சும் சென்றபோது ஹீலியம் கசிந்தது, சிறு உந்துபொறிகள் ஐந்து இடையில் செயலிழந்தன. அவை இருக்கும் பகுதி திரும்பும் வழியில் எரிந்துபோகும் என்பதால், தரையில் இறக்கிப் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. அதே வகை உந்துபொறியைத் தரையில் சோதித்தபோது, வெப்பத்தில் தெஃப்லான் அடைப்பு உப்பி, எரிபொருளை எரிக்க உதவும் திரவத்தின் வழியைக் குறுக்கக் கண்டார்கள். ஆகஸ்ட் 24ஆம் தேதி, கலம் ஆளில்லாமல் திரும்பட்டும் என்று நாசா அறிவித்தது.

செப்டம்பரில் கலம் பத்திரமாகத் தரையிறங்கியதைக் காட்டி அந்த முடிவு தேவையற்றது என்பாரும் உண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. முடிவெடுத்த நாளில் கையிலிருந்த சான்று போதவில்லை. சேலஞ்சர் கிளம்புவதற்கு முந்திய இரவில் குளிரைக் குறித்துப் பொறியாளர்கள் எச்சரித்தும் ஏவுதலை நிறுத்தவில்லை. இம்முறை ஐயம் தெளியாமல் ஆள் ஏற்ற மாட்டோம் என்று சொல்ல ஆள் இருந்தார்கள். கலத்தின் உரிமையாளர் யார் என்பதைவிட, அப்படி மறுத்துச் சொல்பவர் யார் என்பதையே உங்கள் மகன் கேட்க வேண்டும் என்பேன். வில்மோரும் வில்லியம்சும் 2025 மார்ச்சில், அன்று வெடித்த அதே வகை டிராகனில்தான் வீடு திரும்பினார்கள்.

கேள்வி: டிராகன் கடலிலும் ஸ்டார்லைனர் தரையிலும் இறங்குவது ஏன்?
– வாசகர், ஜூரோங்

பதில்: டிராகன் நான்கு வான்குடைகளோடு நீரில் விழுந்து வேகத்தைத் தணித்துக்கொள்கிறது. ஸ்டார்லைனர் மூன்று வான்குடைகளோடு, அடியில் காற்றுப்பைகளை விரித்துப் பாலைநிலத்தில் இறங்குகிறது. உந்துபொறிகளாலேயே தரையிறங்கும் திட்டம் ஒன்று டிராகனுக்கும் முதலில் இருந்தது; 2017இல் அதைக் கைவிட்டார்கள்.